பக்கெட் தண்ணி

உட்காருங்க தம்பி, உட்காருங்க. ஜன்னல் சீட்டு வேணும்னா நான் நகர்ந்துக்கிறேன். வேணாமா? சரி. இடுப்பைப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்காரே, பெருசுக்கு என்னமோ ஏதோன்னு பயப்படாதீங்க. முப்பத்தொரு வருஷம் ஷட்டர் சக்கரம் சுத்துன இடுப்பு. நின்னாலும் உட்கார்ந்தாலும் இடது கை தானா அங்க போயிரும்.

நீங்க ஏறுனதுல இருந்து பார்க்குறீங்க. போனைப் பார்க்குறீங்க, என்னையப் பார்க்குறீங்க. கேட்டுருங்க. ஆமா, நான்தான். அந்த வீடியோவுல துண்டை உதறிக்கிட்டுப் பேசுறது நான்தான். "இது வெள்ளமே இல்லய்யா, பக்கெட் தண்ணி." போதுமா? மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டுல டீ குடிக்கப் போனேன், கடைக்காரன் கிளாஸைக் கையில வச்சுக்கிட்டு, அதை ஒரு தடவை சொன்னாத்தான் தருவேங்கிறான். சொல்லிட்டுத்தான் குடிச்சேன். என்ன செய்யச் சொல்றீங்க.

எதுக்கெடுத்தாலும் என் மூஞ்சியைத்தான் போடுறாய்ங்களாம்ல. கிரிக்கெட்ல தோத்தா என் மூஞ்சி. கட்சிக்காரர் மைக்கைப் பிடிச்சா என் மூஞ்சி. எங்க தெருவுல ஒரு கல்யாணம், பந்தியில ரசம் ஊத்துறாக, ஒரு பய எந்திரிச்சு நின்னு "பக்கெட் தண்ணி"ங்கிறான். பந்தியே சிரிக்குது. நானும் அதே வரிசையில இலை போட்டு உட்கார்ந்திருக்கேன். பாயசம் வாங்காம எந்திரிச்சு வந்துட்டேன்.

நீலமகுடம் பார்த்திருக்கீங்களா? முதல் ரெண்டு பாகம் பார்த்தீங்களா? மூணாம் பாகம்? பார்க்கலையா? ஏன் தம்பி? சொல்லுங்க, நான் ஒண்ணும் நினைச்சுக்க மாட்டேன்.

ஓகோ. என் வீடியோவைப் பார்த்துட்டுத்தான் போகலையா.

சரி. நல்லாருக்கு. உங்களை மாதிரி எத்தனை பேரோ. இன்னும் ஏழு மணி நேரம் இருக்கு சென்னை போய்ச் சேர. கேளுங்க, சொல்றேன். யாருகிட்டயாச்சும் முழுசாச் சொன்னாத்தான் எனக்கு ஆறும். அந்த வீடியோவுல வெட்டி ஒட்டித்தான போட்டிருக்காய்ங்க.

என் பேரு சோணைமுத்து. பரமக்குடிப் பக்கம் ஊரு. பொதுப்பணித்துறையில லஸ்கர். லஸ்கர்னா பெரிய பட்டாளத்து வேலைன்னு நினைக்காதீங்க, மதகுல ஷட்டரை ஏத்துறது, இறக்குறது, அம்புட்டுத்தான். வைகையில பதினாலு ஷட்டரு என் கையில இருந்துச்சு. எங்க வேலையில முதல் பாடம் என்ன தெரியுமா? தண்ணிக்கு முதுகைக் காட்டாதே. தண்ணி வர்றப்ப அதைவிட்டுக் கண்ணை எடுத்தா ஆளைத் தூக்கிரும். நான் வேலைக்குச் சேர்ந்த அன்னைக்கே பழைய லஸ்கர் ஒருத்தர் தலையில குட்டிச் சொல்லிக் குடுத்தாரு.

இருபத்திரெண்டு வருஷத்துக்கு முன்னாடி ஒரு ஐப்பசி. டேம்ல இருந்து போன் வருது, இருபதாயிரம் கன அடி திறந்துட்டோம், ஷட்டரைத் தூக்குங்கன்னு. கூட இருந்த ரெண்டு பேருல ஒருத்தன் தீபாவளிக்கு ஊருக்குப் போயிட்டான், இன்னொருத்தன் ஓவர்சியரைக் கூட்டியாரேன்னு சைக்கிள்ல போனான் போனான், போயிக்கிட்டே இருந்தான். நான் ஒத்தையாளு. காலையில எட்டு மணிக்குச் சக்கரத்தைப் பிடிச்சவன் சாயங்காலம் அஞ்சு மணிக்கு விட்டேன். ஒன்பதாம் நம்பர் ஷட்டர் சிக்கிக்கிருச்சு. பாலம் அதிருது தம்பி. அந்த நேரத்துல என் வீட்டுக்காரி பஞ்சவர்ணம், கைப்பிள்ளையாட்டம் மகனை இடுப்புல தூக்கிக்கிட்டு, தூக்குவாளியில சோத்தைக் கொண்டாந்து கரையில நிக்கிறா. அஞ்சு வயசுப் பய, என்னா கனம் கனப்பான். போடி, மேட்டுக்குப் போடின்னு கத்துனேன். அவ போகல. ஆனா நான் ஒரு நிமிஷம்கூடத் தண்ணியைவிட்டுக் கண்ணை எடுக்கல. எடுத்திருந்தா இன்னைக்கு உங்க பக்கத்துல உட்கார்ந்திருப்பேனா?

வெள்ளம் எப்படி வரும்னு உங்களுக்குத் தெரியுமா? தெரியாது. யாருக்கும் தெரியாது. சினிமாவுல சுவரு மாதிரி எந்திரிச்சு வரும். அப்படியெல்லாம் வராது. முதல்ல வாசனை வரும். எங்கயோ மேக்க, காஞ்ச மண்ணு நனைஞ்ச வாசனையும் அழுகுன இலை வாசனையும் கலந்து வரும். அப்புறம் கரையில எறும்பு மேல ஏறும். அப்புறம் நுரை. அழுக்கு நுரை. அது பின்னாடி செத்தை, பனை மட்டை, யாரு வீட்டுச் செருப்போ ஒண்ணு. தண்ணி வந்தும் ஓடாது, மணல் முதல்ல குடிக்கும். குடிச்சு நிறைஞ்சப்புறம் பாயை உருட்டி விட்ட மாதிரி மெள்ள உருண்டு வரும். சத்தம் அதுக்கப்புறம்தான். இதெல்லாம் எந்தப் புத்தகத்துலயும் கிடையாது, என் மண்டையிலதான் இருக்கு.

என் மகன் மதியழகன் அந்தப் படத்துல வேலை பார்த்தான் தம்பி. மூணு பாகத்துலயும்.

ஆமா. அதைத்தான் வீடியோவுல வெட்டிட்டாய்ங்க.

முதல் பாகம் வந்தப்ப தெருவே போய்ப் பார்த்துச்சு. ராஜாவோட கிரீடம் திருடு போயிருது, அதைத் தேடி மலை மலையாப் போறாக, நடுவுல ஒரு பாம்பு பறக்குது. எங்க ஊர்ல ஆடு திருடு போனா இதைவிடச் சீக்கிரம் கண்டுபிடிச்சிருவாய்ங்க, இவய்ங்களுக்கு மூணு படம் வேணும். போகுது. மகன் லீவுக்கு வந்திருந்தான். டீக்கடையில வச்சுக் கேட்டேன், டேய், இதுல உன் வேலை எதுடான்னு. "நடிக்கிறவங்களைக் கம்பியில கட்டித் தொங்க விடுவாங்கப்பா. அந்தக் கம்பியைக் கம்ப்யூட்டர்ல தெரியாம அழிக்கிறது நான்"ன்னான். அப்ப நீ செஞ்ச வேலை யாரு கண்ணுக்கும் தெரியாது, அப்படித்தானடான்னேன். "தெரிஞ்சாத்தாம்ப்பா தப்பு"ன்னான். அப்ப வீட்லயே சும்மா கிடந்திருக்கலாமேடா, அதுவும் யாருக்கும் தெரியாதேன்னேன். கடையே சிரிச்சுச்சு. அவனும் சேர்ந்து சிரிச்சான். தமாசுக்குத்தான் தம்பி. பெத்த பிள்ளைகிட்ட ஒரு தமாசு பேசக்கூடாதா?

ரெண்டாம் பாகத்துல புல்லு செஞ்சானாம். போர் நடக்குற பொட்டல்ல காத்துக்கு அசையுற புல்லு. புல்லை ஆடு பார்த்துக்கும், நீ குரூப் ஃபோர் எழுதுடான்னேன். நான் தப்பாச் சொல்லல, நல்லதுக்குத்தான் சொன்னேன். அப்புறம் அவன் ஊருக்கு வர்றது குறைஞ்சு போச்சு. வேலை அப்படின்னு அவன் அம்மா சொல்லுவா.

மூணாம் பாகத்து வேலை நடக்குறப்ப ஒரு நாள் போன் பண்ணான். போன வருஷத்துக்கு முந்தின வருஷம். நான் டிவியில கபடி பார்த்துக்கிட்டு இருக்கேன், கடைசி ரெண்டு நிமிஷம். "அப்பா, வெள்ளம் வர்றப்ப முதல்ல என்னப்பா வரும்?"னான். வெள்ளம் வந்தா வெள்ளம்தான்டா வரும், வேற என்ன வரும், அப்ளிகேஷன் போட்டியா இல்லையான்னேன். "இல்லப்பா, நீங்க பார்த்திருக்கீங்கல்ல, கொஞ்சம் சொல்லுங்க"ன்னான். அப்புறம் கூப்பிடுடான்னேன். கூப்பிட்டான். மறுநாளும் கூப்பிட்டான். அன்னைக்கு என்ன பார்த்துக்கிட்டு இருந்தேன்னு ஞாபகம் இல்ல. அப்புறம் கூப்பிடல.

படம் வர்றதுக்கு முதல் நாள் வாட்ஸப்ல அனுப்புறான். "அப்பா, நாளைக்குப் போய்ப் பாருங்க. முடிஞ்சதும் எந்திரிச்சுப் போயிராதீங்க, கடைசி வரைக்கும் உட்காருங்க. இந்தத் தடவை என் பேரு வரும். எப்படி இருந்துச்சுன்னு நீங்க சொல்லணும்." என்ன வேலை செஞ்சான்னு எழுதல. நானும் கேக்கல. கம்பியா இருக்கும், இல்லாட்டிப் புல்லா இருக்கும்னு நினைச்சேன்.

மதுரையில முதல் ஷோ, காலை ஒன்பது மணி. பஞ்சவர்ணத்துக்கு முழங்கால் வலி, நான் மட்டும் போனேன். வெட்டுனாய்ங்க, குத்துனாய்ங்க, நான் பேருக்காக உட்கார்ந்திருக்கேன். கடைசியில எதிரிப் படை கோட்டைக்குள்ள வரப் போகுது. மலை மேல ஒரு பழைய மதகு. அதுல ஒரு வயசான காவக்காரன். அவன் மதகைத் திறந்து விடுறான், வெள்ளம் வந்து படையை அடிச்சுட்டுப் போகுது. எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு தம்பி. நுரை எங்க? செத்தை எங்க? கண்ணாடி மாதிரி சுத்தமா ஒரு தண்ணி, சுவராட்டம் எந்திரிச்சு வருது. அந்தக் காவக்காரன் என்ன செய்யணும்? தண்ணியைப் பார்க்கணும். அவன் தண்ணிக்கு முதுகைக் காட்டிக்கிட்டு, இடுப்புல ஒரு கையை வச்சுக்கிட்டுக் கரைப் பக்கம் பார்த்து நிக்கிறான். பின்னாடி வெள்ளம் வருது, அசைய மாட்டேங்கிறான். அடிச்சுட்டுப் போயிருது. பக்கத்து சீட்டு ஆளுகிட்ட சொன்னேன், இவனை மாதிரி ஒருத்தனை எங்க டிபார்ட்மெண்டுல ஒரு நாள் வச்சுக்க மாட்டாகன்னு. அந்த ஆளு கண்ணைத் துடைச்சுக்கிட்டு இருந்தாரு. என்னைய முறைச்சாரு.

படம் முடிஞ்சுச்சு. கறுப்பாகி, பேரு ஓட ஆரம்பிச்சுச்சு. நடிகர் பேரு ரெண்டு வந்துச்சு, அம்புட்டுத்தான், லைட்டைப் போட்டுட்டாய்ங்க. எல்லாரும் எந்திரிக்கிறாய்ங்க. அப்புறம் திரையிலயும் படத்தை நிறுத்திட்டாய்ங்க. உங்களுக்குத் தெரியும்ல, நம்ம ஊர்ல எந்தத் தியேட்டர்ல கடைசிப் பேரு வரைக்கும் ஓட்டுறாக? விளக்குமாத்தோட ஆளு வந்துருச்சு. நான் உட்கார்ந்த இடத்துல இருந்து கத்துறேன், பேரு போடுங்கய்யா, என் மகன் பேரு வரணும்யான்னு. "அடுத்த ஷோவுக்கு ஆள் நிக்குது, எந்திரி பெருசு"ன்னு கையைப் பிடிச்சுத் தூக்கிட்டாய்ங்க. நூத்தி எழுபது நிமிஷம் உட்கார்ந்தேன் தம்பி, பேரைப் பார்க்கல.

அந்தக் கோவத்தோட வாசலுக்கு வாரேன், ஒரு பய மைக்கை வாய்க்கு நேரா நீட்டுறான். "சார், படம் எப்படி?"

அங்க நான் ரெண்டு வார்த்தை பேசிட்டுப் போயிருக்கணும். ஏமாத்திட்டாய்ங்கன்னேன். கடைசி வரைக்கும் உட்கார்ந்தும் ஒண்ணுமே இல்லன்னேன். நான் பேரைச் சொல்றேன், அவன் படத்தைச் சொல்றேன்னு நினைச்சுக்கிட்டான். "கிராபிக்ஸ் எப்படி சார்? அந்த வெள்ளம்?"னான். சுத்திப் பத்துப் பதினஞ்சு பேரு கூடிட்டாய்ங்க. நான் ஆரம்பிச்சுட்டேன். முப்பத்தொரு வருஷம் ஆத்துல நின்னவன் சொல்றேன்னு ஆரம்பிச்சேன். இது வெள்ளமே இல்லய்யா, பக்கெட் தண்ணின்னேன். விசில் அடிச்சாய்ங்க பாருங்க. இன்னும் நாலு மைக்கு வந்துருச்சு. அந்த மதகுக்காரனுக்கு மூளை இருக்காய்யா, போட்டோவுக்கு நிக்கிற மாதிரி நிக்கிறான், இதைச் செஞ்சவன் ஆத்தையே பார்த்திருக்க மாட்டான், வீட்டுக் குழாயில பார்த்திருப்பான்னேன். துண்டை உதறித் தோள்ல போட்டேன். கைதட்டுனாய்ங்க.

சர்வீஸ்ல எவனும் என்கிட்ட ஒரு கருத்துக் கேட்டதில்ல தம்பி. ஓவர்சியர் ஏத்தும்பாரு, ஏத்துவேன். இறக்கும்பாரு, இறக்குவேன். அன்னைக்குத்தான் நான் சொன்னதை நாலு பேரு நின்னு கேட்டாய்ங்க. இனிப்பா இருந்துச்சு. இல்லைன்னு எதுக்குப் பொய் சொல்லணும். மகன் பேரையும் கடைசியில சொன்னேன், சத்தியமாச் சொன்னேன். அதைப் போடல.

ரெண்டாம் நாளு, என் தங்கச்சி மகன் துபாய்ல இருந்து கூப்பிட்டு, மாமா நீங்க உலக ஃபேமஸ்ங்கிறான். எத்தனை லட்சம் பேரோ பார்த்துட்டாகளாம். நான் தெருவுல நெஞ்சை நிமித்திக்கிட்டுப் போனேன். மகனுக்குப் போன் போட்டேன், பார்த்தியாடான்னு கேக்க. எடுக்கல. வேலையா இருப்பான். சாயங்காலம் போட்டேன். எடுக்கல.

மூணாம் நாளு அவன் ரூம்ல கூட இருக்குற ஜெரால்டுன்னு ஒரு பிள்ளை கூப்பிட்டுச்சு. "அங்கிள், அந்த வெள்ளம் மதி செஞ்சது. பதினாலு மாசம் அங்கிள். அந்த சீனுக்கு அவன்தான் லீடு"ன்னான். "ஆபீஸ்ல உங்க வீடியோவைப் பெரிய திரையில போட்டு எல்லாரும் சிரிச்சாங்க அங்கிள். நீங்க அவன் அப்பான்னு யாருக்கும் தெரியாது. அவன் சொல்லல." அப்ப அவன் என்ன செஞ்சான்னு கேட்டேன். "அவனும் சேர்ந்து சிரிச்சான் அங்கிள்"ன்னான்.

அன்னைக்கு இருந்து அவன் போனை எடுக்கல. இன்னையோட பதினெட்டு நாளு.

நான் சும்மா இல்ல தம்பி. மறுபடியும் அந்தத் தியேட்டர் வாசலுக்குப் போனேன். மைக்குக்காரப் பயலைப் பிடிச்சேன். தம்பி, வெள்ளம் நல்லாருந்துச்சுன்னு சொல்றேன், இன்னொரு தடவை எடுன்னேன். "நல்லாருக்குன்னு சொன்னா யாரு தாத்தா பார்ப்பா?"ங்கிறான். அப்ப அந்தப் பழசை அழிச்சுருன்னேன். "நான் அழிச்சாலும் ஆயிரம் பேரு எடுத்துப் போட்டுட்டான் தாத்தா, அது இனி யாராலயும் முடியாது"ங்கிறான். பதினாலு ஷட்டரை இறக்கத் தெரியும் எனக்கு. இதை இறக்க ஒரு சக்கரம் இல்ல. அந்தப் பய என் தோள்ல கை போட்டு, வெள்ளிக்கிழமை வேற ஒரு பெரிய படம் வருது, வந்து அதைக் கிழிங்க தாத்தாங்கிறான். போவேனா நான்? போகல. ஒரே ஒரு தடவை போனேன், அது வேற விஷயம்.

போன வாரம் பஞ்சவர்ணம் சொன்னா, என்னையக் கூட்டிட்டுப் போங்க, என் பிள்ளை செஞ்சதை நான் பார்க்கணும்னு. பரமக்குடித் தியேட்டருக்கு ஆட்டோவுல கூட்டிட்டுப் போனேன். மொத்தமே பதினோரு பேரு. ஏன்னு தெரியும்ல உங்களுக்கு. அவ முழங்காலை நீட்டி வச்சுப் பார்த்துக்கிட்டு இருந்தா. மதகு வந்துச்சு. அந்தக் காவக்காரன் இடுப்புல கையை வச்சு நின்னான். பஞ்சவர்ணம் என் கையைப் பிடிச்சா. "ஏங்க, இது நீங்கங்க"ன்னா.

எனக்குக் கோவம் வந்துருச்சு. நானா? நான் எதுக்குடி தண்ணிக்கு முதுகைக் காட்டப் போறேன்? அந்த ஐப்பசியில நான் ஒரு நிமிஷமாச்சும் கண்ணை எடுத்தேனான்னேன்.

"எடுத்தீங்க"ன்னா. "நானும் பிள்ளையும் கரையில நிக்கிறோம்ல. போடின்னு ஒரு தடவை கத்துனீங்க, நான் போகல. அப்புறம் அந்தப் பக்கம் திரும்பவே இல்ல. எங்களையே பார்த்துக்கிட்டு, இடுப்புல கையை வச்சுக்கிட்டு நின்னீங்க. பின்னாடி அம்புட்டுத் தண்ணி வருது. அப்பாவைத் தண்ணி கொண்டு போயிரும்னு பிள்ளை என் கழுத்தைக் கட்டிக்கிட்டு அழுதான். அதுக்குப் பயந்துதான நான் மேட்டுக்கு ஓடுனேன். அதுக்கப்புறந்தான் நீங்க திரும்புனீங்க. மறந்து போச்சா உங்களுக்கு?"

எனக்கு ஞாபகம் இல்ல தம்பி. சத்தியமா இல்ல. இருபத்திரெண்டு வருஷமா நான் ஒண்ணு சொல்லிக்கிட்டுத் திரியுறேன், அவன் வேற ஒண்ணைப் பார்த்து வச்சிருக்கான்.

படம் முடிஞ்சு லைட்டைப் போட்டாய்ங்க. இங்கயும் பேரு ஓடல. இந்தப் பேரைப் பார்க்க எனக்குக் குடுத்து வைக்கலன்னேன். பஞ்சவர்ணம் முந்தானையில மூஞ்சியைத் துடைச்சுக்கிட்டு, "ஆளையே நிப்பாட்டி வச்சிருக்கான். இன்னும் பேரைத் தேடுறீங்க"ன்னா.

அதான் கிளம்பிட்டேன். ஜெரால்டு அட்ரஸ் அனுப்பியிருக்கு, வளசரவாக்கமாம். வர்றேன்னு மகனுக்குச் சொல்லல. சொன்னா ரூமைப் பூட்டிட்டுப் போயிருவானோன்னு பயம். கதவைத் திறந்தா என்னன்னு ஆரம்பிக்கிறதுன்னும் தெரியல. மைக்கைக் கண்டா அருவியாக் கொட்டுது, இதுக்கு ஒரு வார்த்தை வரமாட்டேங்குது.

ஆனா வெள்ளம் தப்புதான் தம்பி. அதை நான் மாத்திச் சொல்ல மாட்டேன். பெத்த மகன் செஞ்சாலும் தப்பு தப்புதான. நுரை இல்லாம வெள்ளம் கிடையாது. என்ன, அதை வாசல்ல நின்னு ஊருக்குச் சொன்னதுக்குப் பதிலா, அவன் கேட்டப்ப அவனுக்குச் சொல்லியிருக்கலாம். கபடியில அன்னைக்கு யாரு ஜெயிச்சான்னுகூட இப்ப எனக்கு ஞாபகம் இல்ல.

இந்தா பாருங்க. இந்த மஞ்சப் பைக்குள்ள. நாலு பக்கம், முழு வெள்ளைத்தாள்ல எழுதியிருக்கேன். நேத்துப் பூரா உட்கார்ந்து எழுதுனேன். முதல்ல வாசனை. ரெண்டாவது எறும்பு. மூணாவது நுரை, அது என்ன நிறம், எம்புட்டு உயரம் நிக்கும், எல்லாம் இருக்கு. செத்தையில முதல்ல எது வரும், பின்னாடி எது வரும். மணல் குடிக்கிறது. பாய் மாதிரி உருள்றது. படம்கூடப் போட்டிருக்கேன், சிரிக்காதீங்க. அவன் கேட்ட கேள்விக்கு ஒண்ணுவிடாமப் பதில் இருக்கு.

தம்பி, நீங்க படமெல்லாம் விவரமாப் பார்க்குற ஆளாத் தெரியுது. ஒண்ணு கேக்குறேன், தெரிஞ்சாச் சொல்லுங்க. கடைசிப் பாகம்னு போட்டுட்டா அம்புட்டுத்தானா? நாலாவதா ஒண்ணு எடுக்க மாட்டாகளா? பெருசா வேணாம். எங்கயாச்சும் ஒரு ஓரமா, சின்னதா ஒரு வெள்ளம் வந்தாக்கூடப் போதும்.